தெற்குத்தெரு வாட்ஸ்அப் குழு: பொங்கலுக்கு அரிசியா, ஆட்டோவா?

சிங்கப்பூர் தம்பி: எல்லாருக்கும் வணக்கம். இங்கே இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் சேர்ந்து பேசினோம். பொங்கலுக்கு அறக்கட்டளை மூலமாக வீட்டுக்கு ஒரு 25 கிலோ அரிசி மூட்டை கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எத்தனை வீடு என்று பட்டியல் போட்டால் பணம் அனுப்பிவிடுகிறோம். கொடுக்கும்போது போட்டோ மட்டும் எடுத்துப் போடுங்கள்.

செல்வி அத்தை: நல்லா இருப்பா சாமி

மளிகை மாமா: மூட்டைக்குக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் தம்பி. பொன்னியே தரலாம்.

அறக்கட்டளை அக்கா: தம்பி, மனசுக்கு ரொம்ப நன்றி. ஆனால் அரிசி வேண்டாம். 2011இலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். ரொம்ப ஏழை வீடுகளுக்கான அந்தியோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ. அறுவடை நேரத்தில் யார் வீட்டிலும் அரிசிக்குப் பஞ்சமில்லை.

மளிகை மாமா: என் வியாபாரம் போச்சு

சிங்கப்பூர் தம்பி: அப்போ என்னதான்க்கா குறை?

அறக்கட்டளை அக்கா: கூட வர ஆள் இல்லாததுதான் குறை. ஒரு விஷயம் சொல்கிறேன், பெயர் கேட்காதீர்கள். ஓ.ஏ.பி. பணம், அதாவது முதியோர் உதவித்தொகை, 2023 ஆகஸ்டில் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆனது. நம் பக்கத்து ஆத்தா ஒருவருக்கு அந்தப் பணமே நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நிற்கவே இல்லை. நாற்று நட்டே ரேகை தேய்ந்த கை, வீட்டுக்குப் பணம் தர வரும் வங்கி முகவரின் மெஷின் எடுக்கவில்லை. அவர் ‘வரலை பாட்டி’ என்றிருக்கிறார். ரேகை வரலை என்று சொன்னதை, பணம் வரலை என்று ஆத்தா எடுத்துக்கொண்டார். பாஸ்புக்கோடு வங்கிக்கே கூட்டிப்போனோம். எல்லாம் கணக்கில் பத்திரமாகக் கிடந்தது.

டீச்சர் அக்கா: நூறு நாள் வேலைக் கூலி கதையும் இதே மாதிரிதானே? 2024 ஜனவரியிலிருந்து கூலி ஆதார் வழியாகத்தான் வருகிறது. கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தார்களோ அதில் போய் விழும். மகளிர் குழுக் கடனுக்காகப் புதுக் கணக்கு தொடங்கிய பெண், பழைய பாஸ்புக்கையே பதிந்து பதிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் வி.ஏ.ஓ., கிளார்க் எல்லாருக்கும் திட்டு வேறு.

ஆட்டோ அண்ணன்: அந்தத் திட்டில் எனக்கும் பங்கு உண்டு. ஏற்றிப்போனது நான்தான்

செல்வி அத்தை: கோடிவீட்டு அம்மாவுக்கும் மனு தள்ளுபடியாம். பிள்ளை திருப்பூரில் இருக்கிறானே, அவன் அனுப்பாமலா

அறக்கட்டளை அக்கா: அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதை இங்கே எழுத வேண்டாம். அந்த அம்மாவின் பேத்தியும் இந்தக் குழுவில் இருக்கிறாள்.

செல்வி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சிங்கப்பூர் தம்பி: பொதுவாகக் கேட்கிறேன் அக்கா. பிள்ளை இருந்தால் ஓ.ஏ.பி. கிடையாதா?

அறக்கட்டளை அக்கா: பிள்ளை இருப்பது வேறு, பார்ப்பது வேறு. ‘ஆதரவு உண்டு’ என்று விசாரணையில் எழுதிவிட்டால் மனு அங்கேயே நின்றுவிடும். பார்க்காத பிள்ளை மேல் ஆர்.டி.ஓ.விடம், அதாவது கோட்டாட்சியரிடம், மனு கொடுக்கப் பெற்றோர் பராமரிப்புக்கான 2007 சட்டம் இருக்கிறது. ஆனால் எந்த அம்மா கொடுப்பார்? ‘பெற்ற பிள்ளை மேலேயா’ என்று எழுந்து போய்விடுவார்கள். அதனால் முதலில் பிள்ளைக்கு நாங்களே போன் போட்டுப் பேசுவோம். சில பேர் அனுப்புவார்கள். சில பேர் அதோடு நம்பரை மாற்றிவிடுவார்கள். அப்புறம்தான் திரும்ப மனு.

டீச்சர் அக்கா: தம்பிக்கு இன்னொன்றும் தெரியட்டும். சாவு வீட்டில் அறக்கட்டளைக்காரர்கள் மாலை மட்டும் போட்டுவிட்டு வருவதில்லை. காரியம் முடிவதற்குள் இறப்பைப் பதியச் சொல்லிக் கூடவே போகிறார்கள். 21 நாளுக்குள் பதிந்தால் சுலபம். வருடம் தாண்டினால் இறப்புச் சான்றுக்கே அலைய வேண்டும், வாரிசுச் சான்று அதற்கும் பிறகு. அழுகிற வீட்டில் யார் இதை நினைக்கிறார்கள்?

சிங்கப்பூர் தம்பி: புரிகிறது. ஆனால் இங்கே பணம் போடுகிற பையன்கள் கேட்பார்களே. போட்டோ இல்லாமல் என்னத்தைக் காட்டுவது?

மளிகை மாமா: 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்ததே, மறந்துவிட்டதா? லாரி லாரியாக வந்தது. மெயின் ரோட்டில் நின்றவர்களுக்கு நாலு பக்கெட், ஐந்து பாய். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகளுக்கு ஒரு மெழுகுவர்த்தி இல்லை. போட்டோவில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

அறக்கட்டளை அக்கா: எங்கள் நோட்டு அப்போது தொடங்கியதுதான் தம்பி. யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, யார் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று வீடு வீடாக எழுதினோம். இன்றைக்கும் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்காரும்போது அந்த நோட்டுதான் கையில். ரசீது தருகிறோம், ஆடிட்டர் பார்த்த கணக்கு தருகிறோம். முகம் மட்டும் தர மாட்டோம். மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற படம், பேரன் படிக்கிற பள்ளிக்கூடம் வரை போகிறது.

சிங்கப்பூர் தம்பி: சரிக்கா. செலவு எதில்?

அறக்கட்டளை அக்கா: மருந்துக்கடை பாக்கி. படுக்கையில் இருப்பவர்களுக்கு டயப்பர். இரவல் கொடுக்க இரண்டு வாக்கர், ஒரு சக்கர நாற்காலி. எல்லாவற்றுக்கும் மேலே ஆட்டோ. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் அந்தப் படியில் ஏற முழங்கால் வேண்டுமே.

ஆட்டோ அண்ணன்: டீசல் மட்டும் கொடுங்கள். கூலி வேண்டாம். காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு டீ.

டீச்சர் அக்கா: திருவாரூர் கலெக்டர் ஆபீஸ் கேண்டீன் டீ என்றால் அது உனக்குத் தண்டனை

சிங்கப்பூர் தம்பி: பையன்களிடம் பேசிவிட்டேன். மூன்று பேர் ‘போட்டோ இல்லையா’ என்று இழுத்தார்கள், மற்றவர்கள் சரி என்றுவிட்டார்கள். ஆறு மாத ஆட்டோச் செலவும் சக்கர நாற்காலியும் எங்களுடையது. மாமா கடையில் ஒரு மூட்டை பொன்னி மட்டும் சனிக்கிழமை வருபவர்களுக்குச் சோறு போட.

மளிகை மாமா: அப்படிச் சொல்லு!

அறக்கட்டளை அக்கா: வரும் திங்கள் கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு நான்கு பேர் வருகிறார்கள். அண்ணே, காலை எட்டு மணிக்கு மண்டபத்து வாசலில். ஒருவருக்கு நடக்க முடியாது, வீட்டுக்கே போய் ஏற்ற வேண்டும். எந்த வீடு என்று தனியாக அனுப்புகிறேன்.

செல்வி அத்தை: நானும் துணைக்கு வருகிறேன். ஆதார், ரேஷன் அட்டை ஜெராக்ஸ் எத்தனை செட் எடுக்க வேண்டும்?

அறக்கட்டளை அக்கா: ஆளுக்கு இரண்டு, அத்தை. ஒரிஜினலும் கையில் இருக்கட்டும்.