பழைய கல்கி அட்டைகள்: துருப்பிடித்த கம்பிப் பின், செல்லோடேப், பைண்டிங்

கேள்வி:
1950களின் கல்கி 40 இதழ்கள் கைக்கு வந்திருக்கின்றன. பலவற்றில் ஓவியர் மணியத்தின் அட்டைப்படம். இதழைக் கோத்த கம்பிப் பின் துருவேறி நடுப்பக்கம் வரை கறை. ஆறு அட்டைகளில் செல்லோடேப். தவிர, அட்டைகளோடு சேர்த்துப் பைண்ட் செய்த தொகுதி ஒன்று. அதைப் பிரிக்கலாமா? அட்டைகளை லேமினேட் செய்தால் தாங்குமா?

பதில் 1:
லேமினேஷன் கூடவே கூடாது சார். சூட்டில் உருகிப் பிடிக்கிற பசை, திரும்ப எடுக்க வராது. துருப் பின்னை முதுகுப் பக்கத்திலிருந்து இழுத்தால் அட்டை கிழியும். நடுப்பக்கத்தை விரித்து, மடங்கிய இரண்டு கால்களையும் மழுங்கிய கத்தி நுனியால் நிமிர்த்துங்கள். தாளுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கட்டும். அப்புறம் வெளிப்புறமாக உருவலாம். அதே துளைகளில் பருத்தி நூல் போட்டுத் தைத்தால் போதும்; புதுப் பின்னும் துருதான் பிடிக்கும். கறையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பரவும்.

பதில் 2:
தொகுதியைப் பிரிக்காதீர்கள். வீடுகளில் பெரும்பாலும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துத்தான் பைண்ட் செய்தார்கள். ‘பொன்னியின் செல்வன்’ வந்த 1950–54 இதழ்கள் அப்படித்தான் அட்டை இழந்தன. அட்டையோடு முழுசாக இருப்பதே அபூர்வம். பைண்டர் மூன்று பக்கமும் வெட்டியிருப்பார், அதனால் பிரித்தாலும் பழைய அளவு வராது. வாங்கும்போதே ஓவியரின் கையெழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

செல்லோடேப் தானாக உதிர்ந்தால் எடுத்துவிடுங்கள். இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். தின்னர் வைத்தால் பசையோடு அச்சு மையும் கரையும்.

பதில் 3:
பாதுகாப்பு பற்றி: பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்துக்கொள்ளும். பாலியஸ்டர் உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை, படுக்கைவசமாக அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துக்கு மேல் வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசையும்தான் தீனி. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பெருகாது. பூச்சி ஏற்கெனவே இருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி, -20 டிகிரியில் இரண்டு வாரம். வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் தாளில் நீர் கோக்கும்.

தனி அட்டையாக விலைக்கு வந்தால் அசலா நகலா என்று 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பழைய அச்சில் புள்ளிகள் வரிசையாக நிற்கும். இங்க்ஜெட் நகலில் மணல் தூவினாற்போல் சிதறிக் கிடக்கும்.