"இது நியாயமே இல்ல மிஸ்!" – மூன்றாம் வகுப்பு மறைக்கல்விக்கு யோசனை வேண்டும்

கிறிஸ்தவ தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மறைக்கல்வி (கிறிஸ்தவ சமயப் பாடம்) எடுக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைகள், பாதிப் பேர் வேறு மதக் குடும்பங்கள். போன வாரத்திலிருந்து இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையை (மத்தேயு 20:1-16) தாண்ட முடியவில்லை. விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் கூலி ஒரு தெனாரியம் (அன்றைய ரோமானிய வெள்ளிக் காசு), சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே ஒரு தெனாரியம் என்றதும் வகுப்பே கொதித்துவிட்டது. "அப்ப நான் ஏன் மிஸ் சீக்கிரம் ஹோம்வொர்க் முடிக்கணும்?"

நடிக்க வைத்தேன். காலையில் வந்த 'வேலையாள்' காகிதக் காசைத் தரையில் வீசிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். (உவமையில் வரும் முணுமுணுப்பு அச்சு அசலாக அதுதான், உள்ளுக்குள் ரசித்தேன்.) படம் வரையச் சொன்னேன், பயனில்லை. காணாமற்போன மகன் கதைக்குப் போனால், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்கு அப்பா விருந்து வைத்ததைப் பார்த்துக் கோபப்பட்ட மூத்த மகன் கட்சிதான் எல்லாரும்! கடவுளின் இரக்கம் என்று விளக்கினால் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு தெனாரியம் என்பது அன்றைய ஒருநாள் கூலி, அதில் குறைந்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை இன்னும் சொல்லவில்லை. அங்கிருந்து வழி பிறக்கலாம். அவர்களுடைய நியாய உணர்வை மட்டம் தட்ட மனமில்லை.

அடுத்த வகுப்பு செவ்வாய்க்கிழமை, 40 நிமிடம். அந்தக் கோபத்தை அடக்காமலே இந்த உவமையைப் புரியவைக்க, நீங்கள் பிள்ளைகளிடம் முதலில் என்ன கேள்வி கேட்பீர்கள்?