பியானோவோடு டிராம்போன் தனியாக வாசித்தவர்கள் உண்டா? அனுபவத்தை எழுதுங்கள்

மார்த்தாண்டம்காரன்:
களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை டிராம்போன் (குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதும் பித்தளை வாத்தியம்) வாசிக்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. சபை பேண்டு, கல்யாண பேண்டு, திருவிழா ஊர்வலம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். எல்லாம் கூட்டத்தோடு வாசிப்பதுதான். பியானோ மட்டும் துணைக்கு இருக்க, தனியாக நின்று வாசித்தவர்கள் நம் பக்கம் கொஞ்சம் பேர். அவர்கள் எழுதினால் இப்போது கற்கிற பிள்ளைகளுக்கு உதவும். முதலில் என்னுடையது.

நான் எடுத்தது ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவின் டிராம்போன் கன்செர்ட்டோ, அதாவது ஒரு வாத்தியம் முன்னால் நிற்க மற்றவை துணைக்கு வாசிக்கும் இசை. 1877-ல் எழுதினார். அப்போது ரஷ்யக் கடற்படை பேண்டுகளுக்கு அவர்தான் மேற்பார்வையாளர், அதனால் மூலத்தில் துணைக்கு வருவது ராணுவ பேண்டு. மாணவர்கள் பெரும்பாலும் பியானோவோடு வாசிக்கிறார்கள். மூன்று பகுதிகள், சுமார் பத்து நிமிஷம். முதல் பகுதியின் துள்ளல் பேண்டில் வளர்ந்தவனுக்குப் புதிதில்லை. நடுப்பகுதியான அந்தாந்தே கான்டாபிலேதான் ஆளை நிறுத்திவிட்டது. ஜி பிளாட் மேஜர் ஸ்கேல், ஆறு பிளாட், அதாவது ஆறு சுரங்கள் அரைச் சுரம் இறங்கியிருக்கும். மெதுவாக, பாடுகிற மாதிரி வர வேண்டும்.

ஆறு பிளாட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஸ்லைடை, அதாவது இழுக்கும் குழாயை, நிறுத்தும் ஏழு இடங்களில் (பொசிஷன்) ஐந்தாவதைப் பிடித்து உதட்டை மட்டும் மாற்றினால் ஜி பிளாட், பி பிளாட், டி பிளாட் மூன்றுமே கிடைக்கும். அந்த ராகத்தின் வீடே அங்கேதான் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: ஐந்தாவதில் வரும் பி பிளாட் பியானோவின் பி பிளாட்டைவிடச் சுமார் 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கி நிற்கும். பேண்டில் அந்த இறக்கம் இனிமையாகக்கூட இருக்கும், மற்றவர்களும் காதால் சரிசெய்துகொள்வார்கள். பியானோ நகராது, ஸ்லைடைத்தான் துளி உள்ளே இழுக்க வேண்டும். இவ்வளவு கூர்மையாகக் கேட்கும் பழக்கம் எனக்குப் பியானோவிடமிருந்துதான் வந்தது. இப்போது பேண்டில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் வாசிக்கிறவரை வேறு மாதிரி கேட்கிறேன்.

நாகர்கோவில் பியானோ டீச்சர்:
தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பியானோ பக்கமிருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு பேண்டு முழுக்க வாசிப்பதை இரண்டு கைக்குள் சுருக்கியிருக்கிறார்கள். அதைப் பலமாக அடித்தால் டிராம்போன்காரர் மூச்சுவிட இடமில்லாமல் ஓடுவார். அவர் மூச்சு எடுக்கிற இடங்களை என் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வேன், அங்கே நான் அவசரப்படுவதில்லை. நடுப்பகுதி முடிவில் டிராம்போன் தனியாக வாசிக்கும் கடென்சா வரும்போது கையை மடியில் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் நம் ஊர் வெயில். வாசிக்க வாசிக்கப் பித்தளை சூடாகிச் சுருதி ஏறிவிடும். மேடையேறும்போது ஒரு பி பிளாட் கேட்டுவிட்டு ஆரம்பித்தால் போதாது. முதல் பகுதி முடிந்ததும் கூச்சப்படாமல் மறுபடி கேளுங்கள், ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்கும் குழாய்) வெளியே இழுங்கள். நாலு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மரப் பியானோவும் தன் பங்குக்கு நகர்ந்திருக்கும். அந்த மாதங்களில் டிஜிட்டல் பியானோவோடு வாசிப்பதே எனக்கு நிம்மதி.

பாறசாலைத் தமிழன்:
அண்ணா, அக்கா, இரண்டும் படித்தேன். நான் இரட்சணிய சேனை பேண்டில் படித்தவன். அங்கே டெனர் டிராம்போனுக்கும் ட்ரெபிள் கிளெப்பில்தான் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று தாளின் தொடக்கத்தில் காட்டும் குறிதான் கிளெப்) எழுதியிருக்கும், தாளில் சி என்றால் காதில் பி பிளாட். இந்தக் கன்செர்ட்டோவைத் திறந்தால் பேஸ் கிளெப். கை தெரிந்த இடத்துக்குக் கண் போக மறுத்தது. தினமும் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் பேஸ் வரியை வாசித்துப் பழகினேன், அதுதான் கைகொடுத்தது. டெனர் கிளெப் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் சுலபம்: நம் ட்ரெபிள் தாளில் ஒரு சுரம் எந்தக் கோட்டில் இருக்குமோ அதே கோட்டில்தான் அங்கும் இருக்கும். பிளாட், ஷார்ப் மட்டும் கவனித்தால் போதும்.

அடுத்து கில்மான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் டிராம்போனுக்கும் பியானோவுக்கும் எழுதிய மோர்சோ சிம்போனிக் பார்க்கிறேன். பாரிஸ் கன்சர்வேட்டரியின் 1902-ஆம் ஆண்டுப் போட்டிக்கு எழுதியது, அவர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஈ பிளாட் மைனரில் மெதுவாகத் தொடங்குகிறது, மறுபடியும் ஆறு பிளாட். அதை வாசித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

நாகர்கோவில் பியானோ டீச்சர்:
தாளை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாங்க தம்பி. சேர்ந்தே பார்க்கலாம்.