250 லென்ஸோடு வயலில் பறவை எடுத்தவர்கள் எழுதுங்கள்

வவுணதீவுப் பக்கத்திலிருந்து:
கையில் 55–250 மில்லிமீற்றர் சூம் லென்ஸ்தான் என்றால் முதலில் தூரத்தைக் கணக்குப் பாருங்கள். பறவையின் நீளத்தை லென்ஸின் மில்லிமீற்றரால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால், கமராவின் சென்சாரில் (ஒளி விழும் தகட்டில்) அது எவ்வளவு விழும் என்று தெரியும். அரை மீற்றர் உண்ணிக்கொக்கு 20 மீற்றரில் 6 மில்லிமீற்றர் சொச்சம் விழும். சாதாரண கமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர். ஐந்தில் இரண்டு பங்கு, போதும். அதே இடத்தில் பச்சைப் பஞ்சுருட்டான் வெறும் 2 மில்லிமீற்றர்தான்; அதற்கு 8 மீற்றருக்குள் வேண்டும். தூரத்தில் நின்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிப் பெருப்பிக்கலாம் என்று நம்ப வேண்டாம். வெயில் ஏறினால் வயலுக்கு மேல் காற்று அலையும், சிறகின் விளிம்பு கரைந்துபோகும். ஷட்டர் வேகத்தைக் கூட்டியும் அது திருந்தாது. 600 லென்ஸ் வைத்திருப்பவருக்கும் இதே கதிதான்.

சம்மாந்துறையிலிருந்து:
கணக்குச் சரி. ஆனால் அந்தத் தூரத்துக்குள் போவது எப்படி? போகவே கூடாது, பறவை வரவேண்டும். பெரும்போக உழவு நேரம் உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குகள் கூட்டமாக வரும். மெசினுக்கு அவை அஞ்சாது, நடந்துவரும் ஆளுக்குத்தான் எழும். போடியாரிடம் (வயல் சொந்தக்காரரிடம்) கேட்டுவிட்டு, மெசின் திரும்புகிற மூலையில் வரம்போடு ஒட்டிக் குந்தியிருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் 10 மீற்றருக்குள் வரும். ஈரச் சேறு கறுப்பாக இருப்பதால் கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கின் வெள்ளை வெந்து இறகே தெரியாது. எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு ஸ்டொப் குறையுங்கள். ஷட்டர் வேகம் பறக்கையில் 1/1600, மேயும்போது 1/500. மலிவான சூம் என்றால் லென்ஸின் துவாரத்தை எஃப்/8இல் வையுங்கள், 250 முனையில் கூர்மை கூடும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து:
பஞ்சுருட்டானுக்கு மெசின் வேண்டாம். பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் புறப்பட்ட கம்புக்கே திரும்பும். எந்தக் கம்பு என்று கால்மணி நேரம் பார்த்துவிட்டு, வாடிக் குடிசையின் நிழலிலோ நிறுத்திய ஓட்டோவுக்குள்ளோ 7 மீற்றரில் இருங்கள். கம்பிலேயே கையால் போகஸ் வைத்துவிடுங்கள். படுவான்கரையில் (வாவியின் மேற்குக் கரையில்) காலையில் வாவி முதுகுப் பக்கம் இருக்கட்டும். வெயில் பறவையின் முகத்தில் விழும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
18–55 லென்ஸ் மட்டும் உள்ளவர்கள் சோர வேண்டாம். ஒரு கிலோ நெல் போட்ட துணிப்பையை வரம்பில் வைத்து, அதில் கமராவை அழுத்தி, வைபை வழியே கைபேசியால் இயக்குங்கள். தானியங்கிப் போகஸை நிறுத்திவிடுங்கள். காற்றில் ஆடும் புல்லைப் பிடித்துக்கொண்டு பறவையை விட்டுவிடும். பட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்று கொண்டுபோங்கள். தண்ணீர் நிற்கும் வயலில் நத்தைகுத்தி நாரைக் கூட்டம் நின்றால் 55 மில்லிமீற்றரே நல்லது. பறவை சிறிதாக, வரம்பும் நிழலுருவும் பெரிதாக விழும் படம், என் பார்வையில், முகத்தை நெருக்கி எடுத்ததை விட அந்த நிலத்தைச் சொல்லும்.

இறக்காமத்திலிருந்து:
இவ்வளவையும் ஒரு ஆட்காட்டிப் பறவை கெடுத்துவிடும். அது கத்தினால் வட்டை (வயல்வெளி) முழுக்கப் பறவைகளின் தலை நிமிரும். அப்படியே இருந்து, கொக்குகள் மறுபடி மேயத் தொடங்கும்வரை அசையாதீர்கள். ஆனால் அது தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. வெறும் தரையில்தான் இடும், மண் நிறத்தில் இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிப் போங்கள், அந்தப் படம் வேண்டாம். வரம்பில் படுக்குமுன் தடியால் புல்லைத் தட்டுங்கள், புடையன் பாம்பு கிடக்கும். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் பயம், தண்ணீரில் இறங்காதீர்கள். குளத்துக் காட்டோரம் விடியுமுன் தனியே போகாமல், முதல் நாள் இரவு யானை வந்ததா என்று காவல்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.