டான்சில் ஆபரேஷனுக்கு அப்புறம் டெங்கு, ரத்தக்கசிவு: உங்களில் யாருக்காவது?

தூங்காத அம்மா:
டான்சில் எடுத்த ஆறாம் நாள். அதற்கு முந்தைய மூன்று நாளும் காய்ச்சல். புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்கள், நம்பினேன். அன்றைக்குக் காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகப் படுத்தேன். நடுராத்திரி பக்கத்தில் ஒரு சத்தம். பையன் தூக்கத்திலேயே மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தான். தாகமாக்கும் என்று எழுப்பினேன். உட்கார்ந்தவன் அப்படியே வாந்தியெடுத்தான். காப்பித்தூள் நிறம், நடுநடுவே கட்டி. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 22,000, டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை பாசிட்டிவ். பிழைத்துவிட்டான். ஆனால் எவ்வளவு நேரமாக விழுங்கிக்கொண்டிருந்தான் என்பதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

இரவுப்பணி செவிலியர்:
அம்மா, அந்த விழுங்குறதுதான் அடையாளம். வாய்வழியா ரத்தம் வரும்னு எல்லாரும் காத்திருப்பாங்க, குழந்தைங்க முழுங்கிடும். எங்க வார்டுல ஒரு பொண்ணுக்கு நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். சாதாரணமா ஒரு இடத்துல ரத்தக்குழாய் விட்டுக்கும், அதைப் பிடிச்சுக் கட்டிடலாம். அவளுக்கு டான்சில் குழி முழுக்க வியர்வை மாதிரி கசிஞ்சுது. துடைச்சா அடுத்த நிமிஷமே திரும்பப் பூத்துது. டாக்டர் கையில தையல் ஊசியோட, எங்க போடறதுன்னு பார்த்துட்டே நின்னார்.

கணக்குப் பார்ப்பவர்:
ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை ஒழுங்காகப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. என் மாமனாருக்குக் குரல்வளையில் கட்டி எடுத்தபோது டெங்கு. பிளேட்லெட் 40,000, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். காய்ச்சல் விடும் நாளில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ரத்தநாளத்திலிருந்து நீர் கசிவது அப்போதுதான், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுகிறதா என்று பாருங்கள். ரத்தக்கசிவே இல்லாதபோது எண்ணிக்கையை ஏற்றுவதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றையும் தொடவே கூடாது, பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்குத் தக்க அளவு. மலம் கறுப்பாகப் போகிறதா என்று பாருங்கள். மூக்கைச் சிந்த விடாதீர்கள்.

தம்பிக்காக:
மேலே எழுதியவருக்கு. என் தம்பிக்கு ஆபரேஷனுக்கு முந்தைய நாள் பார்த்த பிளேட்லெட் 2.4 லட்சம். கொசு கடித்துக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் ஆகும். உள்ளே வைரஸோடுதான் டேபிளில் படுத்திருக்கிறான், எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. டான்சில் புண்ணின் பொருக்கு உதிர்வதும் 5 முதல் 10 நாளுக்குள்தான். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தன. யார் மேல் தப்பு சொல்வீர்கள்? அந்த அம்மாவிடம் இப்படிப் பேசாதீர்கள்.

தூங்காத அம்மா:
தம்பிக்காக எழுதியவருக்கு நன்றி. இபுபுரூஃபன் பற்றிப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. வலிக்கென்று சீட்டில் எழுதியிருந்தது. அந்த மூன்று நாளும், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அலாரம் வைத்து எழுந்து கொடுத்தேன்.