தேயிலைக் கொள்முதல் கணக்குக்குத் தானியங்கி டெஸ்ட்: செலினியமா, ப்ளேரைட்டா?

இலைக்கணக்கு, கோத்தகிரி
எங்கள் பக்கம் ஒரு தேயிலை பேக்டரிக்கு வெப் அப்ளிகேஷன் எழுதிப் பராமரித்து வருகிறோம். நானும் இன்னொருவரும்தான். கிராமத்தில் இலை எடுக்கும் இடத்தில் கிளார்க் எடையை போனில் பதிவார். சாக்கு எடையும், மழை நாளென்றால் ஈரத்துக்குக் கழிவும் போக மீதி விவசாயி கணக்கில் ஏறும். டீ போர்டு மாத விலையை அறிவித்ததும் ஆபீசில் பில் போடுவார்கள்.

ஒவ்வொரு ரிலீசுக்கு முன்னாலும் எல்லாத் திரையையும் கையால் தட்டிப் பார்த்தே பொழுது போகிறது. போன மாதம் சிக்னல் இல்லாத இடத்தில் ஒரே எடை இரண்டு தடவை ஏறிவிட்டது. விவசாயியே வந்து சொன்னார், நல்ல மனுஷர். பிரவுசரைத் தானாக ஓட்டி டெஸ்ட் செய்யும் கருவிகளில் செலினியம், சைப்ரஸ், ப்ளேரைட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்? எல்லாத் திரைக்கும் டெஸ்ட் எழுத வேண்டுமா?

மலைரயில்
ஜாவா தெரியுமென்றால் செலினியம்தான். 2004-லிருந்து இருக்கிறது. பிரவுசரை இயக்கும் அதன் வெப்டிரைவர் முறை 2018-ல் டபிள்யூ3சி (வெப் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரமாகவே ஆகிவிட்டது. எந்தச் சிக்கலுக்கும் யாராவது ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருப்பார்கள்.

குன்னூர் டெஸ்டர்
தம்பி, கருவியை அப்புறம் பார்ப்போம். காசு எங்கே கணக்காகிறதோ அங்கே தொடங்குங்கள்.

47.5 கிலோ வருகிறது. சாக்குக்கு 1.5 போனால் 46. ஈரத்துக்கு 5 சதவீதம் கழித்தால் 43.7. இதை அன்றைக்கே 44 ஆக்குகிறீர்களா, 43 ஆக்குகிறீர்களா, இல்லை மாதக் கடைசியில் கூட்டிவிட்டு முழுதாக்குகிறீர்களா? மூன்றுக்கும் பில் வேறு வேறு. பேக்டரியில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வகைக்கும் யூனிட் டெஸ்ட் (கணக்குப் போடும் கோடை மட்டும் தனியாகச் சோதிப்பது) போடுங்கள். விலை அறிவிக்காத மாதத்துக்கு பில் வரக் கூடாது என்பதற்கும் ஒன்று. இதற்கெல்லாம் பிரவுசரே வேண்டாம், நூற்றுக்கணக்கில் எழுதினாலும் சில நொடியில் ஓடி முடிந்துவிடும்.

பிரவுசரில் ஓடும் டெஸ்ட் கைவிரலுக்குள் இருந்தால் போதும். முதலாவது அந்த இரட்டைப் பதிவு. ப்ளேரைட்டில் நடுவில் நெட்வொர்க்கைத் துண்டிக்கலாம். துண்டித்துவிட்டு 'சேமி'யை இரண்டு தடவை அழுத்துங்கள், திரும்ப இணைத்துவிட்டு டேட்டாபேசில் ஒரே வரிதான் இருக்கிறதா என்று பாருங்கள். கண்டிப்பாக இரண்டு இருக்கும்! ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி ஐடி கொடுத்து, அதே ஐடி மறுபடி வந்தால் சர்வர் தள்ளிவிடும்படி செய்யுங்கள்.

கிளார்க் ஒரு லாகின், ஆபீஸ் ஒரு லாகின் என்று ஒரே டெஸ்டில் இரண்டு பேரையும் ப்ளேரைட் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். சைப்ரஸில் அப்படி இரண்டு பிரவுசரை ஓட்ட முடியாது. அதனால் என் ஓட்டு ப்ளேரைட்டுக்கு. மைக்ரோசாப்ட் 2020-ல் வெளியிட்டது. பட்டன் தெரிந்து, அழுத்தும் நிலைக்கு வரும்வரை தானே காத்திருக்கும். செலினியத்தில் அந்தக் காத்திருப்பை நீங்கள்தான் எழுத வேண்டும். அவசரத்தில் எல்லோரும் மூன்று நொடி தூங்கு என்று போட்டுவிடுவார்கள். ஆடி மழையில் நம் ஊர் பிராட்பேண்டுக்கு மூன்று நொடி எந்த மூலைக்கு? டெஸ்டை எப்போதும் உங்கள் மெஷினிலேயே, தனி டேட்டாபேஸ் வைத்து ஓட்டுங்கள். விவசாயிகளுக்கு நிஜ எஸ்எம்எஸ் போய்விடப் போகிறது, ஜாக்கிரதை.

இலைக்கணக்கு, கோத்தகிரி
நன்றி அண்ணா. 'சேமி' பட்டனை 'பதிவு செய்' என்று மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். டெஸ்ட் உடையாதா?

மலைரயில்
உடையும். எல்லாவற்றுக்கும் டெஸ்ட்-ஐடி (திரையில் தெரியாத, டெஸ்டுக்கென்றே வைக்கும் அடையாளப் பெயர்) கொடுத்துவிடுங்கள்.

குன்னூர் டெஸ்டர்
நான் அப்படிச் செய்ய மாட்டேன். முக்கியமான பட்டனைத் திரையில் தெரியும் பெயரை வைத்தே தேடுவேன். யாராவது சொல்லாமல் பெயரை மாற்றினால் கிளார்க் குழம்புவதற்கு முன்னால் டெஸ்ட் கத்தட்டுமே. நீளப் பட்டியலில் வரும் வரிகளுக்கு வேண்டுமானால் ஐடி.

இலைக்கணக்கு, கோத்தகிரி
சரி. முழுதாக்கும் விஷயத்தை நாளைக்கே மேனேஜரிடம் கேட்கிறேன். "எது குறைவோ அதைப் போடு" என்பார், பாருங்கள்.