கிளாசிக் 350 குடுத்துட்டு செகண்ட் ஹேண்ட் 390 டியூக் மாத்திக்கலாமா? ரெண்டையும் ஓட்டினவங்க சொல்லுங்க

தடதட350:
வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கறது பழைய ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350, கார்புரேட்டர் மாடல், 346 சிசி இன்ஜின். நானும் செகண்ட் ஹேண்டாதான் வாங்கினேன், ஆனா ஆயில், செயின் எல்லாம் கரெக்டா பாத்து வச்சிருக்கேன், இன்ஜின் சத்தம் இன்னும் சுத்தமா இருக்கு. தெரிஞ்சவர் ஒருத்தர் அவரோட கேடிஎம் 390 டியூக்க குடுத்துட்டு என் வண்டிய எடுத்துக்கறேன்னு கேக்கறார், 2017க்கு அப்புறம் வந்த ரெண்டாவது ஜெனரேஷன், 373 சிசி. காசு எதுவும் கைமாற வேணாம், வண்டிக்கு வண்டி.

ஒரு நாள் சாயங்காலம் ரெண்டு பேரும் வண்டிய மாத்தி ஓட்டி பாத்தோம். டியூக் திரும்பற விதம் இருக்கே, அத எப்படி சொல்றதுன்னே தெரியல, ஹேண்டில்பார லேசா அழுத்தினா போதும் வண்டி சாஞ்சிடுது. பிரேக்கும் அப்படித்தான். ரோடு காலியா இருந்த இடத்துல மூணாவது கியர்ல திருகினேன், அந்த இழுப்ப கிளாசிக்ல நான் பாத்ததே இல்ல.

ஆனா டிராஃபிக்ல வந்ததும் கதை மாறிடுச்சு. கிளாசிக்ல மூணாவது கியர்ல போட்டு ஆக்சிலேட்டர தொடாம விட்டா கூட தட தடன்னு தானா தள்ளிட்டு போகும். இதுல ரெண்டாவது கியர்லயே வண்டி குலுக்குது, செயின் டக்கு டக்குன்னு அடிக்குது, ஆக்சிலேட்டர மூடி திறந்தா ஒரு வெட்டு வெட்டுது. காலுக்கு சூடும் அடிச்சது. இது இந்த வண்டியோட இயல்பா, இல்ல அவர் சரியா மெயின்டெயின் பண்ணலையா? என் ஓட்டம் பாதி டவுனு, பாதி ஹைவே, வாரக்கடைசில வைஃப் பின்னாடி உக்காருவாங்க. மாத்தலாமா வேணாமா, மாத்தினா என்னென்ன செக் பண்ணணும், அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

லாங்ஸ்ட்ரோக்:
நண்பா நானும் இதே மாத்தல்தான் பண்ணேன், கிளாசிக் குடுத்து டியூக் எடுத்தேன், இன்னிக்கும் அதான் ஓட்டிட்டு இருக்கேன். அதனால நீங்க சொன்ன குலுக்கல் எது, எங்க வரும்னு நல்லாவே தெரியும்.

முதல்ல இன்ஜின பாருங்க. உங்க கிளாசிக்ல போர், அதாவது சிலிண்டரோட அகலம், 70, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கற தூரம், 90 மில்லிமீட்டர். டியூக்ல அப்படியே தலைகீழ், போர் 89, ஸ்ட்ரோக் 60. கிளாசிக்ல பிஸ்டன் நீளமா ஏறி இறங்குது, உள்ள கனமான ஃப்ளைவீல் சுத்துது, அது சேத்து வச்ச வேகத்துலயே ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய தாண்டிடுது. 28 நியூட்டன்மீட்டர் டார்க், அதாவது இழுவை, 4000 ஆர்பிஎம்லயே (நிமிஷத்துக்கு 4000 சுத்து) வந்துடும். டியூக்ல 37 இருக்கு ஆனா அது முழுசா கிடைக்கறது 7000ல. ஃப்ளைவீலும் லேசானது. ஒத்த சிலிண்டர், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும், 1800 ஆர்பிஎம்ல ஓட்டினா நொடிக்கு 15 வெடிப்பு, ஒவ்வொண்ணும் தனித்தனியா செயின் வழியா உங்க முதுகுக்கு வருது. அதான் அந்த டக்கு டக்கு. வண்டி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, நீங்க கிளாசிக் ஓட்டற கியர்ல டியூக்க ஓட்டினீங்க.

இதுக்கு என்ன பண்றதுன்னா எப்பவும் ஒரு கியர் கீழ. டிராஃபிக்ல முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்க துளி மிதிச்ச மாதிரி வச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர் குடுங்க, அந்த வெட்டு பாதிக்கு மேல அடங்கிடும். ஆர்பிஎம் காட்டற டாக்கோமீட்டர் 3500க்கு கீழ போகாம பாத்துக்கங்க.

இன்னொண்ணு, கிளாசிக்ல இருந்து வர்ற எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கும், டியூக் 6000ல சுத்தும்போது ஐயையோ இன்ஜின கஷ்டப்படுத்தறோமேன்னு மேல் கியர் போட்டுடுவாங்க. கணக்கு போட்டு பாருங்க. கிளாசிக் 4000 ஆர்பிஎம்ல பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டர். டியூக் 6000 ஆர்பிஎம்லயும் அதே 12 மீட்டர்தான், ஸ்ட்ரோக் சின்னதா இருக்கறதால. காதுக்குத்தான் அது கதறற மாதிரி கேக்குது, உள்ள பிஸ்டனுக்கு அது உங்க கிளாசிக்கோட நிதானமான ஓட்டம். இத மனசுல ஏத்திக்கிட்டீங்கன்னா வண்டி வேற வண்டியா தெரியும்.

ஹைவேல சந்தேகமே வேணாம். உங்க கிளாசிக்ல இன்ஜின் நடுக்கத்த அடக்கற பேலன்ஸர் ஷாஃப்ட் கிடையாது, 90 தாண்டினா ஃபுட்ரெஸ்ட்லயும் ஹேண்டில்லயும் நடுக்கம் ஏறிடும், கண்ணாடில பின்னாடி வர்றது காரா லாரியான்னே தெரியாது. டியூக்ல பேலன்ஸர் இருக்கு, ஆறாவது கியர் இருக்கு, அதே ஸ்பீடுல ஓவர்டேக் பண்ணணும்னா இன்னும் பாதி மிச்சம் இருக்கும். எனக்கு மாத்தினதுல துளி வருத்தம் இல்ல, ரோடு மேல எனக்கு இருக்கற பிரியமே இந்த வண்டியாலதான் அதிகமாச்சு.

நிதானம்:
நான் எதிர்ப்பக்கம். டியூக் குடுத்துட்டு கிளாசிக் எடுத்தவன். மேல நண்பர் சொன்னது எல்லாம் சரி, இன்ஜின் கணக்குல தப்பு சொல்ல மாட்டேன், ஆனா பின்னாடி உக்காரறவங்கள பத்தி ஒரு வார்த்தை இல்லையே.

டியூக்ல பில்லியன் சீட் ஒரு கை அகலம், உயரமா வேற இருக்கும், ஃபுட்ரெஸ்ட்டும் மேல. பின்னாடி இருக்கறவங்களுக்கு முட்டி மடங்கி மேல வந்துடும், நீங்க பிரேக் பிடிச்சா அவங்க முழு எடையும் உங்க முதுகு மேல. கிளாசிக்ல அவங்க உங்களுக்கு சமமா உக்காந்து பேசிட்டே வரலாம். வாரக்கடைசி ஓட்டம் வைஃப் கூடத்தான்னா அவங்கள அந்த டியூக்ல ஒரு மணி நேரம் உக்கார வச்சு ஓட்டி பாக்காம எதுவும் முடிவு பண்ணாதீங்க. தெரு முனை வரைக்கும் போய்ட்டு வந்தா தெரியாது, இடுப்பு வலி ஒரு மணி நேரம் கழிச்சுதான் வரும்.

சஸ்பென்ஷன் பத்தி ஒரு விஷயம். டியூக் கட்டியா இருக்கு, கிளாசிக் மெத்துன்னு இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க. அளவு பாத்தா டியூக்லதான் அசைவு அதிகம், முன்னாடி 142, பின்னாடி 150 மில்லிமீட்டர். கிளாசிக்ல முன்னாடி 130, பின்னாடி வெறும் 80. அப்புறம் ஏன் கிளாசிக் மெத்துன்னு தெரியுதுன்னா சீட்டு, வண்டியோட எடை, பெரிய 19 இன்ச் முன் சக்கரம், இதெல்லாம் சேந்து சின்ன சின்ன ஆட்டத்த முழுங்கிடுது. ஆனா நல்ல ஆழமான குழில வேகமா இறங்கினா கிளாசிக் பின் ஷாக் அடிமட்டம் தட்டி அந்த அடி நேரா முதுகெலும்புக்கு வரும், டியூக் அத தாங்கிடும். ரோடு எப்படி இருக்கோ அத வச்சு பாருங்க.

எனக்கு ஏன் டியூக் ஒத்துவரலன்னா, அது சும்மா இருக்க விடாது. மெதுவா போகலாம்னு கிளம்பினாலும் வண்டி விடாது. எனக்கு வேடிக்கை பாத்துட்டு போகணும், எங்க தோணுதோ அங்க நிறுத்தணும், அதுக்கு கிளாசிக் மாதிரி வண்டி கிடையாது.

ஸ்பேனர்செட்:
தம்பி, ரெண்டு வண்டியும் நான் தினமும் கழட்டி மாட்டறவன். ஓட்டறது உன் இஷ்டம், வண்டி கண்டிஷன மட்டும் நான் சொல்றேன்.

குலுக்கல் இயல்புதான், ஆனா நீ சொல்ற அளவுக்கு வெட்டுதுன்னா செயின பாக்காம விடாத. செயின் லூசா இருந்தா அந்த வெட்டு ரெண்டு மடங்காயிடும். பின் சக்கரத்த தூக்கி நிறுத்தற பேடாக் ஸ்டாண்ட் போட்டு சக்கரத்த மெதுவா சுத்திக்கிட்டே நாலஞ்சு இடத்துல செயின கையால தூக்கி பாரு. ஒரு இடத்துல டைட்டு, ஒரு இடத்துல லூசுன்னா செயின் சமமா நீளல, அட்ஜஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல, செயின் ஓடற பல்சக்கரம், அந்த ஸ்ப்ராக்கெட்டோட செட்டா மாத்தணும். பின் ஸ்ப்ராக்கெட்டோட கடைசி பக்கத்துல செயின பின்னாடி இழுத்து பாரு, பல்லு பாதி வெளிய தெரிஞ்சா ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

அடுத்தது, நீ போறதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு சொல்லிடு. போனதும் இன்ஜின கையால தொட்டு பாரு, ஜில்லுன்னு இருக்கணும். அப்பதான் ஆறிப்போன இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுது, முதல்ல என்ன சத்தம் வருதுன்னு தெரியும். கூலன்ட்டையும் அப்பவே பாத்துடு, சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய திறக்கவே கூடாது, கைய வேக வச்சுடும். அப்புறம் நின்ன இடத்துலயே ஓட விட்டு ஃபேன் தானா ஓடுதா, சூடு இறங்கினதும் நிக்குதான்னு பாரு. கால்ல சூடு அடிக்கறது அந்த ஃபேன் காத்துதான், அது இருக்கத்தான் செய்யும். ஃபேன் ஓடாம இருந்தாத்தான் பயப்படணும்.

விழுந்த வண்டியான்னு கண்டுபிடிக்க பெயின்ட்ட பாக்காத, பெயின்ட் அடிச்சுடலாம். ஹேண்டில முழுசா ஒரு பக்கம் திருப்பி, ஃபிரேம்ல வந்து முட்டற ஸ்டாப்பர டார்ச் அடிச்சு பாரு. அது நசுங்கியோ உடைஞ்சோ இருந்தா வண்டி பலமா அடி வாங்கியிருக்கு. முன் சக்கரம் தரைல படாம தூக்கி வச்சு ஹேண்டில மெதுவா திருப்பு, நேரா வர்ற இடத்துல ஒரு பள்ளத்துல விழுந்து நிக்கற மாதிரி இருந்தா பால் ரேஸ், அதாவது ஹேண்டில் திரும்பற இடத்து பேரிங், போச்சு. முன் சக்கரத்த பிடிச்சிருக்கற ஃபோர்க் தலைகீழ் டைப், ஆயில் சீல் கீழ்ப்பக்கம் இருக்கும், பளபளன்னு இருக்கற அந்த குழாய விரலால தடவு, எண்ணெய் பிசுபிசுன்னு ஒட்டினா சீல் கசியுது, அந்த எண்ணெய் பிரேக் பேட் வரைக்கும் இறங்கிடும்.

டயர் தேதிய பாரு. பக்கத்துல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். டயர் மேல பட்டன் தேயாம எவ்ளோ இருந்தாலும் ரப்பர் பழசாகி கட்டியாயிடுச்சுன்னா அந்த வண்டிய சாய்க்கவே கூடாது.

ஒண்ணு மட்டும் யோசிச்சுக்க. உன் கிளாசிக்ல ஹைட்ராலிக் டேப்பட், ஆயில் அழுத்தத்துல தானா சரி பண்ணிக்கும், வால்வ் இடைவெளி பாக்கற வேலையே உனக்கு இருந்திருக்காது. டியூக்ல ஷிம்முன்னு சின்ன தகடு போட்டு செட் பண்றது, குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருதரம் திறந்து அளந்து பாக்கணும். அவர் அத பண்ணினாரான்னு சர்வீஸ் புக்க கேட்டு பாரு. புக்கே இல்லன்னு சொன்னா உன் வண்டி அந்த வண்டிக்கு சமம் இல்ல, அந்த வேலைக்கான காச அவர்தான் போடணும்.

தடதட350:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா வரும்னு எதிர்பாக்கல. அண்ணா நீங்க சொன்ன ஸ்டாப்பர் விஷயம் இதுவரைக்கும் யாரும் சொல்லி கேட்டதில்ல. வைஃப்ப ஒரு மணி நேரம் உக்கார வச்சு ஓட்டறதும் கண்டிப்பா பண்றேன். ரெண்டு சந்தேகம் மட்டும் பாக்கி. பிரேக் பிடிக்கும்போது டியூக்ல முன்னாடி திடுக்குன்னு குனியுது, வளைவுல சாய்க்கும்போது கொஞ்சம் படபடப்பா இருக்கு, பழகிடுமா? இன்னொண்ணு பேப்பர் விஷயம், காசு மாறலங்கறதால ஏதாவது சிக்கல் வருமா?

லாங்ஸ்ட்ரோக்:
பழகிடும். கிளாசிக்ல நாலு விரலும் போட்டு அழுத்துவோம், அதுல 280 மில்லிமீட்டர் டிஸ்க், தள்ற எடை 190 கிலோவுக்கு மேல. டியூக்ல டிஸ்க் 320, வண்டி அத விட 20 கிலோவுக்கு மேல கம்மி. ரெண்டு விரல் போதும், முதல்ல லேசா தொட்டு ஃபோர்க் இறங்கினதும் அப்புறம் அழுத்தத்த ஏத்துங்க, குனியறது நின்னுடும். வளைவுல படபடப்பு வர்றதுக்கு காரணம் நீங்க கிளாசிக்க சாய்க்கற பலத்துல இத சாய்க்கறீங்க. 19 இன்ச் சக்கரத்துக்கு வேணும்ங்கற தள்ளு 17 இன்ச்சுக்கு வேணாம், ஹேண்டிலும் அகலம். கைய தளத்திட்டு தொடையால டேங்க்க பிடிச்சுக்கங்க. படபடப்பு அப்பவும் போகலன்னா டயர்ல காத்து கம்மியா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மேல சொன்ன பால் ரேஸ்.

நிதானம்:
பேப்பர்ல காசு மாறாததால சிக்கல் வராது, அவசரத்துலதான் சிக்கல் வரும். ரெண்டு வண்டிக்கும் பேர் மாத்தற விண்ணப்பத்த ஒரே நாள்ல சேத்து குடுங்க, ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பின்னாடின்னு வேணாம். ரெண்டு வண்டிலயும் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் பேப்பரோட ஒத்துப்போகுதான்னு கண்ணால பாருங்க, கடன் பாக்கி இருந்தா அது அடைச்ச பேப்பர் வாங்காம சாவி வாங்காதீங்க. வண்டி கைமாறின தேதியும் மணியும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு வச்சுக்கங்க, அந்த நேரத்துக்கு முன்னாடி வந்த அபராதம் அவரவருக்கு. இன்ஷூரன்ஸும் உங்க பேருக்கு வந்த அப்புறம் வண்டிய வெளிய எடுங்க.

ஸ்பேனர்செட்:
பேப்பர் வேலை முடியற வரைக்கும் உன் கிளாசிக்க அவருக்கும் ஓட்ட குடுக்காத தம்பி. அவரையும் வந்து ஆறின இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணி பாக்க சொல்லு, உன் வண்டில கார்புரேட்டர் சோக் எப்படி இழுக்கணும்னு காட்டிக் குடு, டியூக் ஓட்டினவருக்கு அது தெரியாது, ஸ்டார்ட் ஆகலன்னு மறுநாளே உனக்கு ஃபோன் வரும்.

தடதட350:
சரிண்ணா. அவர்கிட்ட பேசிட்டேன், சர்வீஸ் புக் இருக்காம், வால்வ் பாத்த பக்கத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன்னு சொல்லியிருக்கார். ஞாயித்துக்கிழமை காலைல இன்ஜின் ஆறி இருக்கும்போதே போறேன், டார்ச் எடுத்துக்கறேன், வைஃப்பும் வர்றாங்க. செயினும் ஸ்டாப்பரும் பாத்துட்டு இங்கயே ஃபோட்டோ போடறேன்.